வீட்டைச் சுற்றிக் காட்டுங்கள்: 'வசதி' பற்றி வீட்டாரோடு சேர்ந்து ஒரு வீடியோ கலைப்படைப்பு செய்ய முழுமையான வழிகாட்டி

நம் பக்கத்தில் யாரும் யாரிடமும் "உங்களிடம் எவ்வளவு இருக்கிறது?" என்று நேராகக் கேட்பதில்லை. ஆனால் வீடு குடிபோகும் நாளில் வந்தவர்களை அறை அறையாகக் கூட்டிப்போய்க் காட்டுவோம். பூஜை அறையின் தேக்குக் கதவு, அடுப்படியின் கிரானைட் மேடை, பிள்ளைக்காக மாடியில் எடுத்த அறை. வந்தவர்களும் "டைல்ஸ் எங்கே எடுத்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். பணம் என்ற சொல்லே வராமல் பணத்தைப் பற்றிய பேச்சு முழுக்க அங்கே முடிந்துவிடும்.

இந்தப் பழக்கத்தை ஒரு வீடியோ கலைப்படைப்பாக மாற்றலாம். வீட்டில் இருப்பவர்களே கேமராவைப் பிடித்து, தங்கள் வீட்டுக்குள் எது வசதி, எது மதிப்பு, எது இழப்பு என்று காட்டுவார்கள். நாம் கூட இருந்து பழக்கிக் கொடுப்போம், கேள்வி கேட்போம், காட்சிகளைக் கோத்துப் பொதுவில் வைப்போம். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் இரண்டு முறை இதைச் செய்திருக்கிறேன். அங்கே கற்றதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். செல்போனும் பொறுமையும் உள்ள யாரும் எந்த ஊரிலும் செய்யலாம்.

யூடியூபில் தினமும் வருகிற ஹோம் டூர் வீடியோவுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று பலர் கேட்கிறார்கள். ஹோம் டூரில் வீட்டைப் பெருக்கித் துடைத்தவரைப் பார்க்க முடியாது. பூட்டிய அறையைப் பார்க்க முடியாது. அடகுக்குப் போன வளையல் இருந்த பெட்டியைப் பார்க்க முடியாது. நாம் செய்யப்போவதில் அவற்றுக்கும் இடம் உண்டு. ஆனால் வைப்பதா வேண்டாமா என்பதை வீட்டில் இருப்பவர்கள் முடிவு செய்வார்கள். கேமராவும் கத்தரியும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் உள்ள மற்ற எல்லாம் இந்த ஒன்றைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

தொடங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய நான்கு முயற்சிகள்

வரலாறு முழுக்கத் தேவையில்லை. நான்கு முயற்சிகளை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளப்போகிறோம்.

முதலாவது, கனடாவின் ஃபோகோ தீவு. 1967இல் காலின் லோ என்ற இயக்குநர் அங்குள்ள மீனவர்களோடு சேர்ந்து குறும்படங்கள் எடுத்தார். தீவைக் காலி செய்துவிட்டு வேறிடம் போகச் சொல்லி அரசு நெருக்கிய காலம் அது. எடுத்த படங்களை முதலில் தீவு மக்களுக்கே போட்டுக் காட்டினார்கள். அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் அவை வெளியே போயின. பங்கேற்பு வீடியோ என்று இன்று சொல்கிற முறைக்கு வேர் இதுதான்.

இரண்டாவது நம் நாட்டிலேயே நடந்தது. 1984இல் அகமதாபாத்தில் சேவா என்ற சுயதொழில் பெண்கள் சங்கத்தைச் சேர்ந்த உழைக்கும் பெண்கள் வீடியோ கேமரா கற்றுக்கொண்டார்கள். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பட்டன்களை உருவத்தைப் பார்த்தே மனதில் பதித்துக்கொண்டு எடுத்தார்கள். "எங்க வீட்டம்மாவுக்கு இதெல்லாம் வராது" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பெண்களின் நினைவுதான் வரும்.

மூன்றாவது, ஜிம் கோல்ட்பர்க். சான் பிரான்சிஸ்கோவில் 1977 முதல் 1985 வரை, மலிவான விடுதி அறைகளில் வாழ்ந்தவர்களையும் செல்வந்தர் வீடுகளில் வாழ்ந்தவர்களையும் அவரவர் அறையிலேயே படம் எடுத்தார். பிறகு அச்சிட்ட படத்தை அவர்களிடமே கொடுத்து, அதன் மேல் கையால் எழுதச் சொன்னார். படத்தில் தெரிந்த சோபாவும் கட்டிலும் ஒன்று சொல்ல, கையெழுத்து வேறொன்று சொன்னது.

நான்காவது ஓர் எச்சரிக்கை. மெக்சிகோவின் டேனியேலா ரோசெல், பெரும் பணக்காரக் குடும்பத்துப் பெண்களை அவர்கள் வீடுகளுக்குள் வைத்து எடுத்த படங்களை 2002இல் புத்தகமாக்கினார். பெண்கள் விரும்பித்தான் நின்றார்கள். புத்தகம் வெளியே வந்து நாடே கோபத்தோடு பார்த்தபோது நிலைமை மாறிவிட்டது. எடுக்கச் சம்மதிப்பது வேறு, எல்லோரும் பார்க்கச் சம்மதிப்பது வேறு. மூன்றாம் படியில் இதற்கு வருவோம்.

முதல் படி: சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு மிக முக்கியமான படி இதுதான். தமிழில் எந்தச் சொல்லைப் போட்டுக் கேட்கிறோமோ அதற்கேற்பத்தான் வீடு திறக்கும்.

"சொத்து" என்று கேட்டால் முகம் மாறும். அந்தச் சொல்லோடு பங்கு, பத்திரம், வழக்கு எல்லாம் சேர்ந்து வரும். அண்ணன் தம்பி பேசிக்கொள்ளாத வீட்டில் அந்தச் சொல்லை எடுக்கவே கூடாது. "பணம்" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள், மாளிகைக்காரரும் சேர்த்து. "செல்வம்" என்று கேட்டால் பேச்சு உயரத்துக்குப் போய்விடும். பிள்ளைகள்தான் செல்வம், படிப்புதான் செல்வம், பதினாறும் பெற்று வாழ வேண்டும் என்று வாழ்த்து மொழியில் பதில் வரும். தப்பில்லை, ஆனால் கேமராவை எங்கே திருப்புவது?

எனக்கு வேலை செய்த சொல் "வசதி". "அப்போ வசதியா இருந்தோம்", "அவங்க வசதியானவங்க", "வாடகை வீடுதான், ஆனா வசதியா இருக்கு" என்று மூன்று விதமாகவும் அதைத்தான் சொல்கிறோம். பணமும் அதற்குள் இருக்கிறது, காற்றும் வெளிச்சமும் இருக்கிறது, கக்கூஸ் வீட்டுக்குள் இருப்பதும் இருக்கிறது. ஒரு பாட்டி "வசதின்னா தண்ணி" என்று சொல்லிவிட்டு நேரே கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். ஆறு ஏக்கர் இருந்த வீடு அது. அவர் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உங்கள் ஊரில் இதற்கு வேறு சொல் இருக்கலாம். "நல்லா இருக்கிறது", "தோதுபாடு", "காசு பணம் பார்த்தவங்க" என்று பலவும் உண்டு. ஒரு வாரம் டீக்கடையிலும் திண்ணையிலும் உட்கார்ந்து காது கொடுங்கள். எந்தச் சொல் தானாக வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: வீடுகளைத் தேர்ந்தெடுங்கள்

எட்டுப் பேர் போதும். எட்டு வீடு என்று நான் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரே வீட்டில் இருவர் இருக்கலாம், உரிமையாளர் ஒருவர், அங்கே வேலை செய்பவர் ஒருவர்.

செட்டிநாட்டை உதாரணமாக எடுத்துச் சொல்கிறேன். வீட்டின் உட்புறத்தை வைத்துச் செல்வத்தைப் படிக்க அதைவிடத் தெளிவான இடம் தமிழ்நாட்டில் எனக்குத் தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1940கள் வரை கட்டிய வீடுகள் அவை. பர்மா, இலங்கை, மலேயா என்று போய் வட்டித்தொழில் செய்து வந்த பணம் தூணாகவும் தரையாகவும் மாறி நிற்கிறது. பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடியில் கையால் வார்த்த பூக்கல் என்ற தரைக்கல். ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் வீடுகளும் உண்டு. 1942இல் ஜப்பான் படை பர்மாவைக் கைப்பற்றியது. ஏற்கெனவே பொருளாதார மந்தத்தில் அடிபட்டிருந்த தொழில் அதற்குப் பிறகு எழவில்லை. வீடு மட்டும் நிற்கிறது. 2014 முதல் இந்த ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் பல வீடுகள் கல்யாணத்துக்கும், முன்னோரைக் கும்பிடும் 'படைப்பு' என்ற சடங்குக்கும் மட்டும்தான் திறக்கப்படுகின்றன. பராமரிக்க முடியாமல் பிரித்த வீடுகளின் கதவும் தூணும் கண்ணாடியும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விற்பனைக்கு நிற்கின்றன.

இந்த வீட்டுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். வெளிநாட்டிலோ சென்னையிலோ இருக்கும் பங்காளிகள். ஊரோடு தங்கிவிட்ட ஒரு வயதான ஆச்சி. பின்கட்டில் குடியிருந்து காலையில் விளக்கேற்றும் காவல்காரக் குடும்பம். மாதத்துக்கு ஒரு முறை வந்து பித்தளைக் குமிழ்களைத் துலக்கும் பெண். தேக்குத் தூணின் எந்தப் பக்கம் கரையான் ஏறுகிறது என்று உரிமையாளருக்குத் தெரியாது, காவல்காரருக்குத் தெரியும். இவர்கள் எல்லோரும் பங்கேற்பாளர்கள்தான்.

அடுத்து, அதே ஊரில் ஓர் ஓட்டு வீடு, ஒரு வாடகை அறை, புதிதாகக் கட்டிய மாடி வீடு, பூக்கல் பட்டறையில் வேலை செய்பவரின் வீடு. மாளிகையை மட்டும் எடுத்தால் சுற்றுலா வீடியோ ஆகிவிடும். ஏழை வீட்டை மட்டும் எடுத்தால் அனுதாபம் தேடுவது போல ஆகிவிடும். ஒரே ஊர், ஒரே கேள்வி, வேறு வேறு வீடு என்று இருந்தால்தான் இரண்டும் ஒன்றை ஒன்று பேச வைக்கும்.

மூன்றாம் படி: சம்மதம்

சம்மதத்தை மூன்று தடவை வாங்குங்கள். படம் எடுக்கும் முன் ஒரு தடவை, எடுத்ததைப் பார்த்த பிறகு ஒரு தடவை, பொதுவில் வைக்கும் முன் ஒரு தடவை. மூன்றாவது தடவை "வேண்டாம்" என்று சொன்னால் அந்தக் காட்சி வெளியே போகாது. எவ்வளவு அழகாக இருந்தாலும் போகாது. முதல் முறை செய்தபோது எனக்கு மிகப் பிடித்த காட்சியை அப்படி நீக்கிவிட வேண்டிவந்தது. ஒரு அம்மா தன் கல்யாணப் புடவையை மடித்து வைக்கும் ஒரு நிமிடம் அது. கடைசி நேரத்தில் மனம் வரவில்லை என்றார். வெட்டினேன். இரண்டாம் முறை நான் போனபோது அதே அம்மாதான் மற்ற மூன்று வீடுகளுக்கு என்னைக் கூட்டிப்போனார்.

பொது வீடு என்றால் வேறொரு சிக்கல் உண்டு. செட்டிநாட்டு வீட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு தம்பதிக்கும், முற்றத்தைச் சுற்றிய உள்கட்டான வளவில் அறை உண்டு. வளவும், முன்கூடமான முகப்பும் எல்லோருக்கும் பொது. ஒரு பங்காளி சம்மதித்தார் என்பதற்காக முழு வீட்டையும் எடுத்துவிட முடியாது. நான் கடைப்பிடிப்பது இதுதான்: சம்மதித்தவரின் அறைக்குள் மட்டும் கேமரா போகும். பொது இடத்தில் எடுக்க எல்லாப் புள்ளிகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். படைப்புக்கோ அறுபதாம் கல்யாணத்துக்கோ எல்லோரும் கூடும்போது போய்ப் பேசினால் ஒரே நாளில் முடியும். இல்லாவிட்டால் வாட்ஸ்அப் குழுவில் மாதக்கணக்கில் இழுக்கும். பூர்வீக வீடு எந்த ஊரில் இருந்தாலும் இந்த முறை பொருந்தும்.

வேலை செய்பவரிடம் சம்மதம் கேட்கும்போது வீட்டு உரிமையாளர் பக்கத்தில் இருக்கக் கூடாது. அவர் "சரிங்கய்யா" என்றால் அது யாருக்குச் சொன்ன சரி என்று தெரியாது. அவருடைய வீட்டிலேயே போய்ப் பேசுங்கள். அவருடைய வீட்டையும் அவர் எடுக்கலாம் என்று சொல்லுங்கள். எல்லோருக்கும் ஒரே தொகை கொடுங்கள், மாளிகைக்காரருக்கும் காவல்காரருக்கும். மாளிகைக்காரர் வேண்டாம் என்றால் அவர் விருப்பம். நேரம் இருவருக்கும் ஒன்றுதான்.

எழுத்தில் வாங்கும் தாள் ஒரே பக்கத்தில், படித்தால் புரிகிற தமிழில் இருக்கட்டும். எங்கே காட்டுவோம், இணையத்தில் போடுவோமா, பெயர் வருமா, எப்போது வரை விலகலாம், கோப்பு யாரிடம் இருக்கும் என்று ஐந்து விஷயம். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, அவர் வாயால் சொல்வதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் இங்கேயே பேசிவிட வேண்டும். ஒரு வீட்டின் உள்ளமைப்பை ஊருக்குக் காட்டுகிறோம். பூட்டு, சாவி வைக்கும் இடம், பீரோ, பின்வாசல் தாழ்ப்பாள், கண்காணிப்புக் கேமராக்கள் இருக்கும் மூலை எதுவும் வரக் கூடாது. கதவு எண்ணும் தெருப் பலகையும் வரக் கூடாது. செல்போன் வீடியோவில் இடக்குறிப்பு தானாகப் பதியும். எடுக்கும் முன்பே கேமரா செட்டிங்கில் லொகேஷனை அணைத்துவிடுங்கள். பழைய சிலை இருந்தால் கூடுதல் கவனம் தேவை. 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பங்களை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், வீட்டில் இருக்கும் ஐம்பொன் சிலையை வீடியோவில் வைப்பது அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் செய்யும் உதவி ஆகாது.

நான்காம் படி: ஐந்து கேள்வி, ஐந்து நிமிடம்

எல்லா வீட்டுக்கும் ஒரே கேள்விகள். ஸ்வீடனின் கேப்மைண்டர் அமைப்பு நடத்தும் டாலர் ஸ்ட்ரீட் தளத்தில் உலகெங்கும் உள்ள வீடுகளில் ஒரே மாதிரிப் பொருள்களைத்தான் எடுத்திருப்பார்கள். பல் துலக்கி, கட்டில், அடுப்பு. அப்படி எடுத்ததால்தான் வருமான வரிசையில் வைத்துப் பார்க்க முடிகிறது. நாம் பொருளைச் சொல்வதில்லை, கேள்வியைத்தான் சொல்கிறோம். எந்தப் பொருள் என்பது அவர் முடிவு. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே ஒரு காட்சி, சரியாக ஒரு நிமிடம், கேமரா நகராமல்.

ஒன்று: விருந்தாளி வந்தால் எங்கே உட்கார வைப்பீர்கள்? சிலர் சோபாவை எடுப்பார்கள், சிலர் வாசல் படியை. செட்டிநாட்டு வீட்டில் யாருக்குத் திண்ணை, யாருக்கு முகப்பு, யாருக்கு வளவு என்று இன்றும் மனக்கணக்கு இருக்கிறது. அங்கே சாதியும் உட்காரும். வந்தால் தடுக்காதீர்கள்.

இரண்டு: பெயர் வெட்டிய பாத்திரம் இருக்கிறதா? அதை எடுங்கள். இந்தக் கேள்வியை நான் இரண்டாம் முறைதான் சேர்த்தேன், அதற்குப் பிறகு இது இல்லாமல் செய்ய மனம் வராது. குடமோ தூக்கோ எவர்சில்வர் தட்டோ, அதில் யார் கொடுத்தது, எந்தத் தேதி என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். வீட்டில் எழுதி வைத்த கணக்குப் புத்தகம் தொலைந்திருக்கலாம், பாத்திரம் தொலையாது. ஒற்றை அறையில் குடியிருப்பவரிடமும் ஒன்றாவது இருக்கும். மாமன் சீராக வந்த அண்டாவைப் பரணிலிருந்து இறக்க மூன்று பேர் சேர்ந்ததையே ஒருவர் ஒரு நிமிடக் காட்சியாக எடுத்துக் கொடுத்தார்.

மூன்று: இங்கே முன்பு இருந்து இப்போது இல்லாதது எது? அந்த வெற்றிடத்தை எடுங்கள். விற்ற ஊஞ்சலின் கொக்கி, படம் மாட்டியிருந்த இடத்தில் மங்காமல் இருக்கும் சுவர், அடகில் இருக்கும் நகையின் வெல்வெட் பெட்டி. செல்வம் வந்ததைவிடப் போனதைப் பற்றித்தான் வீடுகள் அதிகம் பேசுகின்றன என்பது என் அனுபவம். இதற்குப் பதில் சொல்லும்போது பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. பேசச் சொல்லாதீர்கள்.

நான்கு: இந்த வீடு இப்படி இருக்க யார் கை வேலை செய்கிறது? கையை மட்டும் எடுக்கலாம்.

ஐந்து: உங்களுக்கு மட்டும் வசதியான இடம் எது? பெண்கள் இதற்கு நிறைய நேரம் எடுத்துக்கொள்வார்கள். பலர் நாள் முழுக்கச் சுற்றிவிட்டு அடுப்படி ஜன்னலிலோ மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலோ போய் நிற்பார்கள். அப்படி ஓர் இடமே இல்லை என்று சொன்னவரும் உண்டு. அவர் தன் செருப்பை எடுத்துக் கொடுத்தார்.

"இன்னும் கடன் முடியாத பொருள் எது?" என்று ஆறாவது கேள்வி ஒன்று என் மனதில் இருந்தது. கேட்டுப் பார்த்தேன். தவணையில் வாங்கிய ஃபிரிட்ஜைக் காட்டியவர் அன்று மாலை முழுக்கச் சங்கடத்தோடு இருந்தார். அந்தக் கேள்வியை நீக்கிவிட்டேன். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: கேமராவைப் பழக்குங்கள்

இரண்டு மாலை போதும். முதல் மாலையில் யாருடைய வீட்டையும் எடுக்க வேண்டாம். ஒரு டம்ளரை எடுக்கச் சொல்லுங்கள். அருகில், தூரத்தில், மேலிருந்து, தரையிலிருந்து. பெரிய திரையிலோ டிவியிலோ போட்டு எல்லோரும் சேர்ந்து பாருங்கள். தான் எடுத்தது பெரிதாகத் தெரியும்போதுதான் கூச்சம் போகும்.

தொழில்நுட்பத்தில் ஐந்தே விஷயம் சொல்லிக்கொடுத்தால் போதும்.

போனைப் படுக்கை வாட்டில் பிடிப்பது. லென்ஸை எடுக்கும் முன் புடவைத் தலைப்பாலாவது துடைப்பது. சமையலறையில் புழங்கும் போன்களில் எண்ணெய்ப் பிசுக்கு கட்டாயம் இருக்கும்.

மூன்றாவது, வெளிச்சத்தைப் பூட்டுவது. முற்றம் உள்ள வீட்டில் நடுவில் வெயில் கொட்டும், சுற்றுத் தாழ்வாரம் இருட்டாக இருக்கும். போன் தானாகச் சரிசெய்துகொண்டே இருப்பதால் காட்சி மின்னி மின்னி மங்கும். எது முக்கியமோ அந்த இடத்தைத் திரையில் விரலால் அழுத்திப் பிடித்தால் பல போன்களில் பூட்டிக்கொள்ளும். காலை எட்டிலிருந்து பத்து வரை எடுத்தால் பாதிப் பிரச்சினை இல்லை.

நான்காவது, கோடு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போன் வழக்கமாக நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும். டியூப்லைட்டின் கீழும் சில எல்இடி விளக்குகளின் கீழும் படம் துடிக்கும், கோடு ஓடும். கையால் மாற்றும் வசதியுள்ள கேமரா ஆப் ஒன்றில் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்துக் கொடுத்துவிடுங்கள், நின்றுவிடும்.

ஐந்தாவது, சத்தம். ஃபேனையும் ஃபிரிட்ஜையும் அந்த ஒரு நிமிடத்துக்கு அணைக்கச் சொல்லுங்கள், பிறகு மறக்காமல் போடவும் சொல்லுங்கள். பேசுவதானால் சட்டையில் குத்தும் சின்ன மைக் வேண்டும். சில நூறு ரூபாய்க்கே வயர் மைக் கிடைக்கிறது. பெரிய கல் வளவில் குரல் எதிரொலிக்கும். அதைக் குறை என்று நினைத்துத் துடைக்க வேண்டாம், அது அந்த வீட்டின் அளவைச் சொல்கிற சத்தம். குக்கர் விசிலும் அப்படித்தான்.

ட்ரைபாட் எல்லோருக்கும் வேண்டியதில்லை. ஸ்டூலும் அரிசி போட்டுக் கட்டிய துணிப்பையும் போதும். போன் அசையாமல் உட்காரும்.

ஆறாம் படி: எடுக்கும் நாள்

நீங்கள் வெளியே இருங்கள். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்றே தோன்றுகிறது, ஆனால் செய்ய இதுதான் கடினம். அறைக்குள் நின்றால் "இப்படி வைங்க, அந்தத் துணியை நகர்த்துங்க" என்று வாய் வந்துவிடும். நகர்த்திய துணியோடு அந்த வீடும் கொஞ்சம் நகர்ந்துவிடும். திண்ணையில் காபி குடித்துக்கொண்டு காத்திருங்கள். வீட்டைச் சுத்தம் செய்துவிட்டு எடுக்கிறேன் என்றால் செய்யட்டும். தன் வீட்டை எப்படிக் காட்ட விரும்புகிறார் என்பதும் நமக்கு வேண்டிய பதில்தான்.

அன்று இரவே கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, இரண்டையும் வேறு வேறு இடத்தில் வையுங்கள். கோப்புப் பெயரில் ஆளின் பெயர் வேண்டாம், எண் போதும்.

ஏழாம் படி: சேர்ந்து பார்ப்பது, சேர்ந்து வெட்டுவது

எட்டுப் பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம், மொத்தம் நாற்பது நிமிடம். ஒரே உட்காரலில் பார்த்துவிடலாம். ஆனால் முதலில் ஒவ்வொருவரும் தன்னுடையதைத் தனியாகப் பார்க்க வேண்டும். தான் எடுத்ததில் எது மற்ற ஏழு பேர் முன் வரலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் கூட்டாகப் பார்ப்பது.

கூட்டாகப் பார்க்கும்போது ஒரு மாலை முழுக்க ஒதுக்குங்கள். காவல்காரர் எடுத்த மாளிகையையும் உரிமையாளர் எடுத்த அதே மாளிகையையும் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். எங்கள் முதல் கூட்டத்தில் வீட்டுக்காரர் வளவுத் தூண்களை எடுத்திருந்தார். காவல்காரர் அதே தூண்களின் அடியில், மழை ஒழுகும் இடங்களில் வைத்த ஏழு வாளிகளை எடுத்திருந்தார். வெகு நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வீட்டுக்காரர் "ஏழா?" என்று கேட்டார். நீங்கள் விளக்கம் சொல்லப் போகாதீர்கள். அந்த அமைதியை அவர்களுக்கே விட்டுவிடுங்கள். கோபம் வந்தால் இடைவேளை விடுங்கள், டீ கொடுங்கள். வேலையையோ சம்பளத்தையோ பாதிக்கும் பேச்சாக மாறினால் அந்தக் காட்சியை நிறுத்திவிட்டு, தனித்தனியாக உட்கார்ந்து பேசுங்கள்.

எடிட்டிங்கை முதலில் தாளில் செய்யுங்கள். ஒவ்வொரு காட்சியிலிருந்தும் ஒரு ஃபிரேமை அச்சடித்து, நாற்பது அட்டைகளாக்கித் தரையில் பரப்பினால் கணினி தெரியாதவரும் வரிசையை மாற்றலாம். முடிவான வரிசையைக் கணினியில் கோக்க டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்போ கேடென்லைவோ போதும். பின்னணி இசை சேர்க்காதீர்கள். வீணையோ புல்லாங்குழலோ வந்துவிட்டால் எல்லா வீடும் ஏக்கமாக ஒலிக்கும், அந்த ஏக்கம் அவர்களுடையதாக இருக்காது.

வரிசையில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். வீடு வீடாகக் கோக்கலாம், கேள்வி கேள்வியாகவும் கோக்கலாம். நான் கேள்வி வரிசையைத்தான் சொல்வேன். வீடு வீடாகப் போனால் பார்ப்பவர் மூன்றாவது வீட்டிலேயே இவர் பணக்காரர், இவர் ஏழை என்று சீட்டு ஒட்டிவிட்டு மேற்கொண்டு பார்ப்பதை நிறுத்திவிடுகிறார். கேள்வி கேள்வியாகப் போனால் மாளிகையின் பித்தளை அண்டாவுக்கு அடுத்து வாடகை அறையின் சின்ன டம்ளர் வரும், இரண்டிலும் அதே புள்ளி எழுத்து. அப்போது கண் பொருளுக்குப் போகிறது.

எட்டாம் படி: காட்டுவது

ஐந்து கேள்விக்கு ஐந்து டிவி. ஒவ்வொன்றிலும் எட்டு நிமிட வீடியோ திரும்பத் திரும்ப ஓடட்டும். பென் டிரைவைச் சொருகி, திரும்ப ஓடும்படி வைத்தாலே நடக்கும். ஐந்தும் ஒரே நொடியில் தொடங்க வேண்டும் என்று கவலைப்படாதீர்கள். தனித்தனியாக ஓடும்போது, ஒன்றில் வெற்றுச் சுவர் தெரிய பக்கத்தில் ஒரு கை துடைத்துக்கொண்டிருக்கும். திட்டமிட்டு வைக்க முடியாத சேர்க்கைகள் அவை.

புரொஜெக்டர் என்றால் இருட்டு வேண்டும். 3000 லூமென் வெளிச்ச அளவு உள்ளது, இருட்டிய பிறகு ஒரு திண்ணைச் சுவருக்குத் தாராளமாகப் போதும்.

இடம் முக்கியம். முதல் காட்சி அந்த ஊரிலேயே நடக்க வேண்டும், ஃபோகோவில் செய்தது போல. ஆனால் மாளிகையில் வைத்தால் வாடகை வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள். கலைக்கூடத்தில் வைத்தால் ஊரே தயங்கும். பள்ளிக்கூட வராந்தா, நூலகம், தெருவைப் பார்த்த பொதுத் திண்ணை இவற்றில் ஒன்றைப் பாருங்கள். நாங்கள் பூட்டிக்கிடந்த ஒரு மளிகைக் கடையை மூன்று நாளுக்குக் கேட்டு வாங்கினோம். பொருள் வாங்க வருவது போல எல்லோரும் உள்ளே வந்தார்கள்.

பார்வையாளருக்கும் ஒரு வேலை கொடுங்கள். வாசலில் அட்டையும் பேனாவும் வைத்து, ஐந்து கேள்வியில் ஒன்றுக்குத் தங்கள் வீட்டிலிருந்து பதில் எழுதச் சொல்லுங்கள். கோல்ட்பர்க் படத்தின் மேல் எழுத வைத்தாரே, அதே எண்ணம்தான். எழுதிய அட்டைகளைச் சுவரில் ஒட்டிக்கொண்டே போகலாம். மூன்றாம் நாள் எங்களுக்குச் சுவர் போதவில்லை.

வெளியூர்க் காட்சியும் இணையமும் அதற்குப் பிறகு, மூன்றாவது சம்மதம் வாங்கிய பிறகு. இணையத்தில் போடுவதை நான் இதுவரை செய்யவில்லை. போட்டால் திரும்ப எடுக்க முடியாது என்பதை எட்டுப் பேருக்கும் புரியும்படி என்னால் சொல்ல முடிந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஒன்பதாம் படி: திருப்பிக் கொடுப்பது

காட்சி முடிந்த வாரத்திலேயே ஒவ்வொருவரிடமும் அவர் எடுத்த எல்லாவற்றையும், வெட்டியதையும் சேர்த்து, ஒரு பென் டிரைவில் கொடுங்கள். கணினி இல்லாத வீட்டுக்கு அவர்கள் டிவியில் சொருகினால் ஓடுகிற வடிவத்தில் மாற்றிக் கொடுங்கள், அங்கேயே ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அழிக்கச் சொன்ன காட்சியை அவர் கண் முன்னால் இரண்டு ஹார்ட் டிஸ்க்கிலிருந்தும் அழியுங்கள். காவல்காரர் வேலை மாறிப் போயிருந்தால் புது முகவரியைத் தேடிப் போய்க் கொடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பங்காளிகளுக்கு அனுப்பச் சொன்னால், அனுப்பும் முன் அதில் வருகிற மற்றவர்களிடமும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.